வேடமும் வரம்பும்

பிறராய் நின்று பார்க்கும் விழைவு மக்கட்கு இயற்கையாய் அமைந்தது. மண்ணிற் சோறாக்கி விளையாடும் சிறுமி தாயாகின்றாள்; கோலொன்றைக் கால்களுக்கிடையே வைத்தோடும் சிறுவன் குதிரை வீரனாகின்றான். வளர்ந்தோரிடத்தும் இவ்விழைவு அழிவதில்லை. பகலெல்லாம் ஏர்ப்பின் நடந்தவன் இரவிலே முடிதரித்து அரசனாய் ஆடுகின்றான். ஊராரும் அவனை அரசனாகவே கண்டு மகிழ்கின்றனர். ஒருவன் தனித்து வேடம் பூணுதல் எளிது. பலர் ஒருங்கு கூடி, ‘நீ இன்னான், யான் இன்னான்’ என்று தம்முள் உடன்பட்டு, அவ்வுடன்பாட்டின்படி ஒருவரோடொருவர் பேசியும் பொருதும் அழுதும் நகைத்தும் ஒழுகுவராயின், ஆண்டு ஒரு சிறு சமூகமே தோன்றிவிடுகின்றது. அச்சமூகம் வளருமாறு எங்ஙனம்? அதனை வரம்பிற்குள் நிறுத்துவார் யாவர்? இவ்விரண்டு வினாக்களைப் பற்றி எமக்குத் தோன்றிய கருத்தினை இவ்வியாசத்திற் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவ்வினாக்களை எம்முள் எழுப்பியது படவேடு. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலே, கமண்டல நாகநதியின் பாங்கரிலே, வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ அமைந்துள்ள அவ்வூர், 14-ஆம் நூற்றாண்டிற் சம்புவராய மன்னர்தம் தலைநகராய் விளங்கியது. படைவீடு என்னும் பெயரே படவேடு என மருவிற்றென்பர். மெய்யரசர் தம் முடிகள் மறைந்து அறுநூறு ஆண்டுகட்கு மேலாயின. இன்று அவ்வட்டாரத்தார் காணும் முடி, மரத்தாற் செய்து வண்ணந்தீட்டிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கூத்து முடியே. திருவண்ணாமலை, வேலூர் முதலிய வடமாவட்டங்களின் சிற்றூர்களிலே திரௌபதியம்மன் விழா எடுக்குங் காலத்துப் பகலிற் பாரதப் பிரசங்கமும் இரவிற் கூத்தும் பல நாள் தொடர்ந்து நிகழ்கின்றன. அரசு மறைந்த நாட்டில் அரச வேடம் மட்டும் இறவாது நிற்கின்றமை வியத்தற்குரியது.

இப்போது எம்மூர்ப் பக்கத்து இளைஞர் சிலர்க்கு ஒரு விருப்பம் உண்டாகியிருக்கின்றது. வேலூரிலும் ஆரணியிலும் திருவண்ணாமலையிலும் கற்கும் அவர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒன்றுகூடி, ஒரு கதையை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேடம் பூண்டு, எழுதிவைத்த பாடமின்றி அவ்வப்போது தோன்றுஞ் சொற்களாலேயே அக்கதையை நடத்திச் செல்லும் குழாமொன்றை அமைக்க எண்ணுகின்றனர். கைப்பேசியின் வாயிலாக முகமறியா நண்பரோடு இத்தகைய ஆட்டத்தை ஏற்கெனவே பழகினோரும் அவருள் உளர். இச்செய்தி கேட்ட பெரியோர் சிலர், ‘இது வீண்சண்டைக்கு வித்து, வேண்டா’ என்கின்றனர். இளைஞருட் சிலரோ, ‘விளையாட்டிற்கு விதி எதற்கு? அவரவர் மனம்போல் ஆடுக’ என்கின்றனர். இவ்விரு திறத்தார் கூற்றும் எமக்கு உடன்பாடல்ல. தடுப்போர் கூத்தினால் ஊர் பெற்ற நலத்தை மறந்தனர். விதி வேண்டாவென்போர் கூத்து ஊரைக் கெடாமற் காத்த முறையை மறந்தனர்.

முதற்கண் பெரியோர்தம் அச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிடுதல் முறையன்று. வேடம் என்பது தோலின் புறத்தே பூசிய வண்ணமாய் மட்டும் நிற்பதில்லை; ஓரளவு உள்ளேயும் இறங்கும். துரியோதனனாய் ஆடியவனை மறுநாட் கடைத்தெருவில் துரியோதனனென்றே ஏசுவார் உண்டு. பெண்வேடம் பூண்ட ஆடவனைப் பகலிலும் அவ்வாறே கேலி செய்து அவன் நெஞ்சைப் புண்படுத்துவார் உண்டு. இரு வீட்டார்க்கிடையே வரப்புத் தகராறு இருக்குமாயின், அவ்வீட்டு மைந்தர் இருவர் பீமனும் துச்சாதனனுமாய் எதிர்நிற்கும்போது, கதையின் பகை முடிந்த இடமும் மெய்ப்பகை தொடங்கிய இடமும் காண்போர்க்குப் புலப்படுமோ? ‘யான் சொல்லவில்லை, என் வேடம் சொல்லிற்று’ என்று கூறித் தப்புதற்கு வேடம் நல்லதொரு மறைவிடமும் ஆகும். ஆதலின் வேடக் குழாத்திற்கு வரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வரம்பை யார், எங்கே நின்று காப்பது என்பதே ஆராயத்தக்கது.

இதற்கு விடை எம் வட்டாரத்துக் கூத்துக் களத்திலேயே கிடக்கின்றது. கூத்திலே வேடக்காரன் நேரே களத்திற் புகுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னே நின்று அவன் பாடுகின்றான். திரை விலகியபின் களத்தில் ஆடி நிற்கின்றான். அப்போது கட்டியக்காரன் எதிர்நின்று, ‘தாங்கள் யார்? எந்நாட்டார்? இங்கு வந்த காரியம் யாது?’ என்று வினவுகின்றான். வேடக்காரன் தன் பெயரும் ஊரும் குலமும் வந்த காரியமும் உரைக்கின்றான். இச்சிறு வினாவிடை வெறும் வழக்கமென்று பலர் எண்ணுவர். யாம் அங்ஙனம் எண்ணுகின்றிலேம். இந்நொடி முதல் இவன் இன்ன வேடத்தன் என்பதைக் களத்தார் யாவரும் அறிய உறுதிசெய்யும் உடன்படிக்கை அது. அது நிகழ்வதற்கு முன் அவன் எம்மூர் உழவன். நிகழ்ந்தபின் அத்தினாபுரத்து வேந்தன்.

கட்டியக்காரனது இயல்பைச் சிறிது உற்றுநோக்குவோம். அவன் கதைக்கு உள்ளேயும் உளன், புறத்தேயும் உளன். ஒரு கணம் அரசனுக்கு ஏவலாளாய்க் கைகட்டி நிற்பான். அடுத்த கணம் காண்போர் பக்கம் திரும்பி அவ்வரசனையே நகையாடுவான். கதை தளருமிடத்து அதனைத் தூக்கிவிடுவான்; வேடக்காரன் சொல் தடுமாறின் வினாவொன்றால் வழிகாட்டுவான். தூதனோ காவலனோ வேண்டுமாயின் தானே அவனாவான். இத்துணையும் செய்பவன் தலையில் முடியில்லை. தோளிற் புயக்கட்டை இல்லை. களத்துள்ளார் எல்லாரினும் எளிய கோலம் அவனுடையது. யாவரையும் நகைக்கும் உரிமை பெற்ற அவனை நகைக்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. ஆட்டத்தை நடத்துங் கோல் அரச வேடத்தான் கையில் இல்லாமல், களத்திற் கடையனாய்த் தோன்றும் இவன் கையில் இருப்பதே எம் முன்னோர் கண்ட நுட்பம். வரம்பு காப்பவன் முடி தரிக்கலாகாது. இதுவே இவ்வியாசத்தால் யாம் நிறுவ விரும்பும் ஒரே கருத்து.

வரம்பு கடக்கும் வேளைக்கும் கூத்தர் வழி வகுத்திருக்கின்றனர். துகிலுரியும் இரவு பாரதக்கூத்தில் மிகக் கொடிய இரவு. துச்சாதன வேடத்தான் சேலையைத் தீண்டுமுன் அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டுதலும், துச்சாதனனுக்கோ திரௌபதி வேடத்தானுக்கோ ஆவேசம் மேலிடுமாயின் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரங் காட்டி அவரைத் தன்னிலைக்குக் கொணர்தலும் ஆண்டு வழக்கம். இதனைச் சமய நம்பிக்கையாக மட்டும் கொண்டு கடந்துவிடுதல் தகாது. ஆடுவோன் தன்னை இழந்தபோது கதை காத்திருக்க வேண்டும், கதைக்காக ஆளைப் பலியிடலாகாது என்னும் அறமும் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஊரே கூடி விடியுமளவும் காண வந்த காட்சியை, ஒரு மனிதனது நிலை கருதி இடையில் நிறுத்தத் துணிந்த கூட்டம் அறிவுடைய கூட்டமன்றோ?

பிறநாட்டாரும் தம் வழியே சென்று இவ்விடத்தையே வந்தடைந்துள்ளனர். 1974-இல் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் வேட விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சூழ்ந்திருப்போர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு வேடம் பூண்டு, வாய்ச்சொல்லாலேயே கதையை நடத்துவர். ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டித் தீர்ப்பர். ஒருவர் மட்டும் தலைமை வீரர் வேடம் பூணாது, உலகத்தை வருணித்தும், வழியிற் காணும் சிறுவேடங்களைத் தாமே ஏற்றும், விதிகளைக் காத்தும் நடுவே இருப்பர். எம் கட்டியக்காரனைக் கண்டறியாத அந்நாட்டார் அவனைப் போல்வான் ஒருவனை அமைத்துக்கொண்டமை, இத்தொழிலின் இயல்பே அதனை வேண்டுகின்றதென்பதைக் காட்டும். இக்காலத்து அவ்வாட்டக்காரருட் பலர் பெருக்கற்குறி இட்ட சீட்டொன்றை மேசை நடுவில் வைக்கின்றனர். கதை தம் மனம் பொறுக்கவொண்ணாத இடத்திற் செல்வதாக உணர்பவர் அச்சீட்டைத் தொட்டால் போதும். காரணம் கேளாமலே கதையை மாற்றிவிடுவர். சீட்டும் கற்பூரமும் உருவில் வேறு, பயனில் ஒன்று.

வரம்பு காப்போர் விலகி நின்றால் விளைவது யாதென்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1990-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பாவெல் கர்ட்டிஸ் என்பார், கணினி வழியே பலர் கூடி எழுத்தினாலேயே வேடம் பூண்டு உலவும் ‘லாம்டாமூ’ என்னும் கற்பனை மாளிகையை உருவாக்கினார். அதனை ஆண்டவர்க்கு ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். கூட்டம் பெருகி வழக்குகள் மிகுந்தன. 1992-ஆம் ஆண்டின் இறுதியில் மந்திரவாதிகள், ‘இனி உங்கள் பூசல்களில் யாம் தலையிடோம், எந்திரத்தை மட்டும் பேணுவோம்’ என்று அறிவித்து ஒதுங்கினர். சில திங்களுக்குள், 1993-இல், ஒருவன் தன் சூழ்ச்சியாற் பிறர் வேடங்களைத் தன்வயப்படுத்தி, அவை தாமே இழிசெயல் புரிவனபோல் எழுத்திற் காட்டி, அவற்றிற்குரியாரை யாவர் முன்னும் இழிவுபடுத்தினான். வேடத்திற்கு நேர்ந்ததென்று அவர்கள் அதனைத் தள்ளிவிட இயலவில்லை. உயிருள்ள மாந்தர் கண்ணீர் விட்டனர். கூடிப் பேசினர், முடிவு எட்டவில்லை. இறுதியில் மந்திரவாதி ஒருவர் தாமே துணிந்து அவ்வேடத்தை அழித்தார். அதன் பின்னரே, உறுப்பினர் விண்ணப்பமிட்டு வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை ஆண்டு ஏற்பட்டது. விதியற்ற விடுதலை, வலியோனுக்கு விடுதலையாகவும் மெலியோர்க்குச் சிறையாகவும் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இச்சரித்திரத்தில் வேறொரு பாடமும் உளது. மந்திரவாதி செய்த தண்டம் தகுதியானதே எனினும், அதனை அவர் தனித்தே செய்தார். அவரைத் தடுப்பாரும் கேட்பாரும் அப்போது இலர். இன்று தீயோனை அழித்த கை நாளை தனக்குப் பிடியாதானை அழியாதென்பது என்ன உறுதி? வேலியே பயிரை மேய்ந்தாற்போல, வரம்பு காக்க வந்தவனே வரம்பு கடத்தல் சிறு குழாங்களில் அரிதன்று. குழாத்தைத் தொடங்கியவனே தலைவன். அவனே கதையில் வேந்தன். அவனே நடுவன் என்றிருக்குமாயின், அவனோடு முரண்பட்டார்க்குக் கதையிலும் இடமில்லை, குழாத்திலும் இடமில்லை. இக்கேட்டிற்கு மருந்து யாது? முடியையும் கோலையும் ஒருவனிடத்துக் கொடாமையே. கதையில் உயர்வு வேண்டுவோன் நடுவனாகாதொழிக. நடுவனாக விரும்புவோன் கதையில் ஏவலாளாய் நிற்க உடன்படுக. நகைக்கப்படுதலைப் பொறுக்கமாட்டாதவன் வரம்பு காக்கத் தகுதியற்றவன்.

இனி வளர்ச்சியைப் பற்றிச் சிறிது கூறுவோம். குழாம் விரைந்து பெருகுதலே சிறப்பென்று இளைஞர் எண்ணுவர். கடல்கடந்த தமிழர் வழக்கொன்று வேறு வகையாய்க் கற்பிக்கின்றது. ஈழத்து மட்டக்களப்பிலே கூத்துப் பழக்கும் ஆசிரியரை அண்ணாவியார் என்பர். ஊரார் கூடி இன்னார்க்கு இன்ன வேடம் என்று வகுத்தபின், அவரவர் பாடும் பேசும் பகுதிகளை எழுதிக் கொடுப்பர். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். பல நாள் ஆடிப் பழகியபின் சதங்கை அணியும் சடங்கு நிகழும். பின்னர் அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை. அதன் பின்னரே அரங்கேற்றம். ஒவ்வொரு படியும் ஒரு வாயில்; ஒவ்வொரு வாயிலிலும் ஊரார் கண் இருக்கின்றது. புதியவன் ஒருவன் ஒரே நாளிற் கன்னனாகிவிட இயலாது. கன்னனாதற்கு முன் அவன் தன்னை யாவர்க்கும் காட்டிக்கொள்கின்றான். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், மட்டக்களப்புக் கூத்து மரபைக் கொண்டே மாணவரைப் பயிற்றி, 1962-இற் ‘கர்ணன் போர்’ என்னும் கூத்தைச் சுருக்கமான வடிவில் மேடையேற்றினார். கற்ற இளைஞர்க்கும் கூத்து மரபிற்கும் ஒட்டில்லை என்பார்க்கு அம்மாணவரே மறுமொழி.

அளவு கலைக்குப் பகையன்று என்பதைத் தமிழ் கற்போர் நன்கறிவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள் என்கின்றது. அவள் ஏறிய அரங்கோ ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது. புகவும் போகவும் இரு வாயில்கள், எழினிகள் மூன்று. அத்துணைச் சிறிய இடத்தினின்றே அவள் புகழ் சோழநாடெங்கும் பரந்தது. வேடக் குழாத்திற்கும் ஓர் அகலமும் நீளமும் வேண்டும். எத்துணைப் பேரை நடுவன் பெயர் சொல்லி அழைத்து, முகவாட்டம் கண்டு, ‘யாது நேர்ந்தது?’ என்று வினவ வல்லனோ, அத்துணைப் பேரே அக்குழாத்திற்கு அளவு. அதனினும் மிகுந்தால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கட்டியக்காரரைத் தேடிக்கொள்ளுதலே அறிவு.

வாயில் வேண்டும் என்றோம். மதில் வேண்டும் என்றோமில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிதற்குச் செருமனி நாட்டு ஓபராமர்காவ் என்னும் மலைச்சிற்றூரை நோக்குவோம். 1633-இற் கொள்ளைநோயால் வருந்திய அவ்வூரார், நோய் நீங்கின் ஆண்டவருடைய திருப்பாடுகளை நாடகமாய் நடிப்பதாக நேர்ந்துகொண்டு, 1634 முதல் நடித்து வருகின்றனர். பெரும்பாலும் பத்தாண்டிற்கு ஒருமுறை நிகழும் அந்நாடகம், 2020-இல் நிகழவேண்டியது, கொரோனா நோய் காரணமாக 2022-இல் நிகழ்ந்தது. அவ்வூரிற் பிறந்தோரும் அங்கே 20 ஆண்டு வாழ்ந்தோருமே நடிக்கலாம் என்பது அவர்தம் விதி. இது மெதுவாகத் திறக்கும் வாயில். காத்திருப்போன் ஒருநாள் உட்புகுவான். திருமணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் நடிக்கலாகாதென்று மற்றொரு விதியும் இருந்தது. இது மதில், எத்துணைக் காலம் காத்திருப்பினும் அவர்க்கு வழியில்லை. 1990-இல் நீதிமன்றத் தீர்ப்பினால் அம்மதில் இடிந்தது.

அந்நாடகத்தின் பழைய பாடம் யூத மக்கள் மேற் பழி சுமத்தும் வகையில் அமைந்திருந்தமையும் ஈண்டு நினையத்தக்கது. மேடையில் நின்ற வேடத்தின்மேல் எழுந்த சினம், மேடைக்குப் புறத்தே வாழ்ந்த மக்கள் மேற் பாய்ந்தது. அண்மைப் பதிற்றாண்டுகளில் அவ்வூரார் யூதப் பெரியோரையும் கலந்து அப்பாடத்தைத் திருத்தியிருக்கின்றனர். நேர்ச்சையினால் வந்த நாடகமாயினும், அயலாரைப் புண்படுத்தும் பகுதியைத் திருத்துதல் நேர்ச்சைக்கு மாறன்று என்று அவர்கள் உணர்ந்தனர். நம் கதைகளிலும் ஒரு சாதியாரையோ, மலைவாழ் மக்களையோ, உடற்குறை உடையாரையோ நகைப்பொருளாக்கும் இடங்கள் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துக் கூறவல்லார் யார்? ஜவ்வாது மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியார், அடிவாரத்து மேடையிலே தம்மைப் போன்ற வேடத்தைக் கண்டு தலைகுனிவராயின், அம்மேடையால் எமக்கு என்ன பெருமை?

எம் கூத்து மரபிலும் மதில்கள் இருந்தன. பெண்ணின் துயரைப் பாடிய களத்திலே பெண்ணுக்கு ஆட இடமில்லாதிருந்தது. ஊரின் இரவுகளைக் களிப்பித்த கூத்தரைப் பகலிலே ‘கூத்தாடி’ என்று இழிவாய் அழைத்தனர். இவற்றை மாற்ற முயன்றாரும் எம் பக்கத்தாரே. பெ. இராஜகோபால் முதலிய கூத்துக் கலைஞர் 1990-இற் காஞ்சிபுரத்திலே கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். 2002-இல் தோன்றிய அவர்தம் குருகுலம் சிறுவரோடு சிறுமியர்க்கும் இக்கலையைக் கற்பித்தது. எம் மாவட்டத்துப் புரிசையிலே தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைப் பேணி, நகரத்து நாடகக்காரரும் வந்து கற்கும்படி செய்தனர். ஆகவே படவேட்டிலே தோன்றும் குழாம், ‘இவன் வீட்டான் அரசனாகலாம், அவன் வீட்டான் ஏவலாளாகவே நிற்க’ என்று வகுக்குமாயின் தோன்றாதிருத்தலே நன்று. வேடத்தின் பெரும்பயன், பிறப்பு அளியாத இருக்கையில் ஓரிரவேனும் ஒருவனை இருத்திப் பார்ப்பதன்றோ? அதனையும் பிறப்பினாலே வகுத்தால், நாடகம் ஊரின் கொடுமைக்கு மறுபதிப்பாய் முடியும்.

இறுதியாக, கூத்திற்கு விடியல் உண்டு என்பதை மறவாதிருப்போம். இரவு பத்து மணியளவில் தொடங்கிய ஆட்டம் பொழுது புலரும்போது முடிகின்றது. முடியும் கட்டையும் கழன்று பெட்டிக்குள் புகுகின்றன. எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைக்கின்றனர். இரவெல்லாம் பொருத பீமனும் துரியோதனனும் ஒரே திண்ணையில் அமர்ந்து தேநீர் பருகுகின்றனர். ஊரார் அதனைக் காண்கின்றனர். பகை வேடத்தினது, நட்பு ஆளினது என்பது அக்காட்சியால் உறுதிப்படுகின்றது. கைப்பேசி வழி நிகழும் வேட விளையாட்டிற்கு இவ்விடியல் இல்லை. நள்ளிரவும் நண்பகலும் அதற்கு ஒன்றே; அரிதாரம் துடைத்த முகத்தை ஒருவரும் கண்டிலர். மாதக்கணக்கிற் பகைவனாகவே அறிந்த ஒருவனை மனிதனாக அறிய ஒரு வாய்ப்பும் வாராமையால், சிறு சொல்லும் பெரும் புண்ணாகின்றது. ஆதலின் அத்தகைய குழாத்தின் நடுவன், ஏனைக் கடமைகளோடு, விடியலை உண்டாக்குங் கடமையையும் மேற்கொள்ளல் வேண்டும். ‘இத்துடன் இன்றைய ஆட்டம் முடிந்தது, இனி அவரவர் பெயரால் அவரவர் பேசுக’ என்று அவன் சொல்லும் ஒரு சொல், பல பூசல்களை முளையிலேயே கிள்ளும்.

இத்துணை விதிகளால் விளையாட்டின் இன்பம் குன்றாதோ எனின், குன்றாது. வார் இறுக்காத மத்தளம் ஒலிப்பதுண்டோ? தனக்குத் தீங்கு நேராதென்று அறிந்தவனே துணிந்து தீயோன் வேடம் பூணுவான். தன்னை எவரும் இழிவுபடுத்தார் என்று அறிந்தவளே வாய்விட்டு அழுது நடிப்பாள். வரம்பு உறுதியாய் உள்ள இடத்தேதான் கற்பனை அஞ்சாது உலவும்.

எனவே எம்மூர் இளைஞர்க்கு யாம் விண்ணப்பிப்பன இவை. தொடக்கத்திற் பன்னிருவர்க்கு மேற்படாது கூடுக. கதை தொடங்குமுன், அதில் யாம் ஆடாத பொருள் இவை என்று ஒருங்கிருந்து முடிவு செய்க. திங்கள்தோறும் ஒருவர் கட்டியக்காரராய் அமைக. அத்திங்களில் அவர் முடிபூணாதொழிக. அவர் செய்த தீர்ப்பைத் திங்களிறுதியில் யாவரும் கூடி ஆராய்க. ஆடுவோருள் எவரேனும் ‘திரை’ என்று கூறின், காரணம் வினவாது அக்கணமே ஆட்டம் நிற்க. வேடங்களைப் பிறப்பு நோக்கியும் ஆண் பெண் என்பது நோக்கியும் வகாதொழிக. இன்று ஏவலாளாய் நின்றவர் நாளை வேந்தராகுக. ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தம் மெய்ப்பெயரைக் கூறி, எதிர்நின்றவரோடு ஒருசேர உண்டு பிரிக.

பெரியோர்க்கும் ஒரு சொல் உண்டு. இளைஞரைத் தடுப்பதினும், அவர் குழாத்திலே முதற் கட்டியக்காரராய் வந்தமர்தல் சாலச் சிறந்தது. விடியுமளவும் கூத்துப் பார்த்துக் கண்சிவந்த அனுபவம் உங்களுடையது. எவ்விடத்தில் நகைப்பது, எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் அறிவு உங்கள்பால் உளது. அதனை எமக்கு அளியாது உங்களோடே கொண்டுசெல்லுதல் தகுமோ? சம்புவராயர் முடிகாத்த படைவீடு இன்றில்லை. முடியில்லாதவன் வரம்பு காக்கும் ஒரு சிறு களம் படவேட்டில் அமையுமாயின், அவ்வூரின் பழம்பெருமைக்கு அது தாழ்வாகாது. அக்களத்தை அமைக்க முதியோரும் இளையோரும் ஒருங்கு முன்வருவார்களாக.